கருகிய பிளக்கும் என் மின்சார பைக்கும்

மாமாவுக்குத்தான் முதலில் வாடை தெரிந்தது.

நத்தம் பக்கத்தில் ஒரு கிராமம், என் மனைவியின் ஊர். திண்டுக்கல்லிலிருந்து மின்சார பைக்கில் முதல் தடவையாக அங்கே போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். வண்டி வாசலில் நின்றது. சார்ஜர் ஒயர் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் போய், டி.வி.க்குப் பக்கத்து சுவிட்ச் போர்டில் முடிந்தது. மணி ஒன்பதரை இருக்கும். மாமா பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். "மாப்ள, கரண்டு கருகுற வாடை அடிக்குதே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கிணற்று மோட்டாரைக் கட்டிக் காத்தவருடைய மூக்கு அது. எழுந்து உள்ளே ஓடினோம்.

போர்டில் செருகியிருந்த கன்வர்ஷன் பிளக்கின் (பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் அடாப்டர்) வெள்ளை உடம்பு ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறி, எண்ணெயில் சிவந்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. மாமா மெயினை ஆஃப் செய்தார். சூடு தணியட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததில், சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளைக் காதும் முள்ளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் மூன்று முள்ளையும் பார்த்தோம். மேலே இருக்கும் எர்த் முள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளத்தது. அதில் கரண்டு ஓடுவதில்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நியூட்ரல் முள்ளில் லேசாக மஞ்சள் படிந்திருந்தது. பேஸ் முள்தான் அடிவரை கறுத்து, மேலே பொடிப் பொடியாகக் குழி விழுந்து கிடந்தது. அந்த ஒரு முள்ளும் அதைப் பிடித்திருந்த தளர்ந்த காதும் தொட்டுக்கொண்ட இடத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. சீரகம் அளவு இடம்.

அந்தக் கூடத்தில், போர்டிலிருந்து நாலடி தள்ளி, என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

2022 மார்ச் கடைசியில் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பேட்டரியைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். பைக் வாங்கும்போதும் பேட்டரி என்ன வகை, எவ்வளவு சூடு தாங்கும், எத்தனை வருஷம் வாரண்டி என்று கடைக்காரரைக் குடைந்தேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் பிளக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு ஆறேழு மாசம் தெரிந்தவர்களிடம் கேட்டு, கழற்றிப் பார்த்து, அளந்து பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என் சார்ஜரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'இன்புட்' என்ற வரி ஒன்று உண்டு. மின்சார வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். 'அவுட்புட்' என்பது பேட்டரிக்குப் போவது. 'இன்புட்' என்பது உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து எடுப்பது. பிளக், ஒயர், சாக்கெட் எல்லாம் தாங்க வேண்டியது அந்த இன்புட் ஆம்பியரை. என் சார்ஜர் பேட்டரிக்கு 1,500 வாட் கொடுக்கிறது. உள்ளே கொஞ்சம் சூடாக வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 1,670 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது 7.3 ஆம்பியர்.

அதனால்தான் கம்பெனிக்காரர்கள் அதற்குப் பெரிய முள் பிளக், நாம் 15 ஆம்ப்ஸ் பிளக் அல்லது பவர் பிளக் என்று சொல்வதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாமா வீட்டில் இருந்ததோ எல்லாம் சின்ன ஓட்டை, 5 ஆம்ப்ஸ். பெரிய முள்ளைச் சின்ன ஓட்டைக்குள் நுழைக்க வழி செய்கிற கன்வர்ஷன் பிளக் ஒன்றை முந்தின நாள்தான் திண்டுக்கல்லில் வாங்கினேன். செருகினேன், வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பொருள் மாற்றுவது முள்ளின் வடிவத்தை மட்டும்தான். கரண்டைத் துளிகூடக் குறைக்காது. எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது சார்ஜர். அது 7 ஆம்பியர் கேட்டால் 7 ஆம்பியரும் அந்தச் சின்ன முள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பெரிய முள் என்பது தயாரித்தவர் நமக்குச் சொல்லி அனுப்பிய செய்தி: இதைச் சின்ன ஓட்டையில் செருகாதே. கன்வர்ஷன் பிளக் அந்தச் செய்தியைக் கிழித்துப் போட்டுவிடுகிறது.

நம் வீடுகளில் இருக்கும் இந்த இரண்டு அளவும் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனவை. 1934-இல் வந்த பி.எஸ். 546 என்ற அவர்கள் தரத்தில் 5 ஆம்பியருக்கு ஒன்று, 15 ஆம்பியருக்கு ஒன்று என்று உருண்டை முள் பிளக்குகள் உண்டு. அவர்களே 1947 முதல் 13 ஆம்பியர் சதுர முள் பிளக்குக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். அதில் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். இலங்கையும் இப்போது அதையே தரமாக வைத்துக்கொண்டுவிட்டது. நாம் பழைய உருண்டை முள்ளிலேயே இருக்கிறோம். நம்முடைய ஐ.எஸ். 1293 தரத்தில் அவற்றுக்குப் பெயர் 6 ஆம்பியர், 16 ஆம்பியர். கடையில் பேச்சு மட்டும் இன்னும் ஐந்து, பதினைந்துதான். சின்ன பிளக்கில் கரண்டு ஓடும் முள்ளின் விட்டம் 5.1 மில்லிமீட்டர், பெரியதில் 7.05. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் முள்ளின் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. காது பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. நம் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முள் சூடாகும்போது நடுவில் நிறுத்துவதற்கு எதுவுமே இல்லை.

"இதே போர்டுலதானப்பா அயர்ன் பாக்ஸ் போடுறோம், அதுவும் ஆயிரம் வாட்டுதானே" என்று அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்வி. அயர்ன் பாக்ஸ் சூடானதும் அதற்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் கட் செய்துவிடும். திரும்ப எடுக்கும், திரும்ப விடும். நாலு சட்டை தேய்த்ததும் பிடுங்கிவிடுவோம். மிக்ஸி மூன்று நிமிஷம். கிரைண்டர் நேரம் எடுக்கும், ஆனால் கரண்டு குறைவு. மூச்சு விடாமல் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஒரே அளவில் கரண்டு இழுக்கிற சாமான் நம் வீடுகளில் அபூர்வம். ஏ.சி., கீசர்கூட நடுநடுவே கட் ஆகும், ஆனால் கரண்டு அதிகம். அதனால்தான் அவற்றுக்குத் தனி லைன் இழுக்கிறோம். பைக் சார்ஜரும் அந்த ஜாதியைச் சேர்ந்தது. செல்போன் சார்ஜர் போன்ற பெயர் இருப்பதால் அதைச் செல்போன் ஜாதியில் சேர்த்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயம் அன்று ராத்திரி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் மல்டிமீட்டரை வைத்து அந்த வீட்டு வோல்டேஜைப் பார்த்தேன். 190. ஊரே டி.வி.யும் ஃபேனும் போட்டிருக்கும் நேரம், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கிற வீடு. குண்டு பல்பாக இருந்தால் வோல்டேஜ் குறையும்போது மங்கலாக எரியும், கரண்டும் குறையும். பைக் சார்ஜர் அப்படி இல்லை. பேட்டரிக்குக் கொடுக்க வேண்டிய வாட்டை எப்படியாவது கொடுத்தே தீரும். வோல்டேஜ் குறைந்தால் அந்தக் குறையை ஆம்பியரைக் கூட்டி ஈடுகட்டும். 1,670 வாட்டை 190-ஆல் வகுத்தால் 8.8 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், இரண்டரை மணி நேரமாக. டவுனில் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய அடாப்டர் கிராமத்தில் கருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பயம் தெளிவாக வந்தது. முள்ளும் காதும் சரியாகக் கவ்வாத இடத்தில் கொஞ்சம் மின்தடை இருக்கும். 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, தடையால் பெருக்கினால் வருவது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 8.8 ஆம்பியரில் அந்த 0.1 ஓம் கிட்டத்தட்ட 8 வாட் சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டில் காதின் ஸ்பிரிங் விறைப்பு போய்த் தளரும், பித்தளை மேல் கறுப்புப் படியும், தடை கூடும். 0.3 ஓம் ஆகும்போது 23 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்க வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை எரியவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தச் சுவரில் நடந்துகொண்டிருந்தது. மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. (கரண்டு அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இதற்கு விழாது. ஓடுவது 9 ஆம்பியர்தானே, 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

திண்டுக்கல் திரும்பியதும் நான்கைந்து எலெக்ட்ரிக்கல் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் வயசான அண்ணன் ஒருவர் கல்லாவில் இருந்தார். பைக் சார்ஜருக்கு என்று சொன்னதும், எடுத்து வைத்த அடாப்டரைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டார். "இது வேணாம் தம்பி, நான் வித்துருவேன், நீங்க கஷ்டப்படுவீங்க" என்றார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார். மலிவான ஒரு பிளக்கின் முள்ளில் வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு மேல் பித்தளை முலாம். நல்ல பித்தளை முள்ளில் காந்தம் ஒட்டாது. இன்னொன்றை எடுத்துக் கையில் கொடுத்தார், கனமாக இருந்தது; முள் உள்ளே கூடு இல்லாமல் முழுப் பித்தளை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே 1293 என்ற எண்ணும் உடம்பிலேயே அச்சாகியிருந்தன. அன்றிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கிறது. ஐந்து கடைகளில் சோதித்த கன்வர்ஷன் பிளக்குகளில் பாதிக்கு மேல் காந்தத்தில் ஒட்டின.

பிளக்கை மாட்டுவதிலும் ஒரு சூட்சுமத்தை அந்த அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். ஒயரின் இழைகளை முறுக்கி, அதன் மேல் ஈயம் பற்றவைத்து ஸ்குரூவுக்கு அடியில் வைத்து முறுக்குவது பலருக்கும் பழக்கம். கெட்டியாக இருக்கும் என்று நானும் அப்படித்தான் செய்வேன். ஈயம் மென்மையானது. அழுத்தத்திலும் சூட்டிலும் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், ஆறு மாசத்தில் ஸ்குரூ தானாகத் தளர்ந்திருக்கும். ஈயம் வேண்டாம், முனையில் லக் என்கிற சின்ன உலோகக் குழாய் ஒன்றைப் போட்டு நசுக்கி மாட்டச் சொன்னார். ஒயரை இழுத்தால் ஸ்குரூவுக்கு இழுவை போகாதபடி பிளக்கின் வாயில் இருக்கும் கிளாம்ப்பை விட்டுவிடாமல் முறுக்க வேண்டும். இரண்டு சின்ன ஸ்குரூதானே என்று பலரும் விட்டுவிடும் இடம் அது.

எல்லோரும் பிளக்கைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு இப்போது சாக்கெட்தான் முக்கியம் என்று படுகிறது. பிளக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்கும் காது தளர்ந்திருந்தால் பயன் இல்லை. செருகும்போதும் பிடுங்கும்போதும் கைக்கு ஒரு முரண்டு தெரிய வேண்டும். ஒயரின் கனத்திலேயே பிளக் தலை குனிந்து தொங்கினால் அந்த சாக்கெட்டில் வண்டியைப் போடக் கூடாது. ஒன்றுக்குள் இரண்டு அளவு முள்ளும் நுழைகிற சாக்கெட் இப்போது எல்லா வீட்டிலும் வருகிறது. அதில் சின்ன பிளக்கைத் தினமும் செருகினால் பரவாயில்லை, பெரிய பிளக்கைச் செருகிச் செருகிக் காது அகன்றுபோன பிறகு சின்னதைச் செருகினால் ஆடும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. கடையில் சும்மா கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் ஒரு ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு) ஒயர், சிலவற்றில் அதற்கும் கீழே. இருபது மீட்டர் நீளம் என்றால் போக வர நாற்பது மீட்டர் செம்பு. ஒரு ஸ்கொயரில் அது சுமார் 0.7 ஓம். 8 ஆம்பியரில் ஐந்தாறு வோல்ட் ஒயரிலேயே போகும், கிட்டத்தட்ட 45 வாட் சூடு ஒயரில் பரவும். நீளமாக விரித்துப் போட்டால் காற்றில் ஆறிவிடும். சுருளாகவே வைத்துக்கொண்டு வேண்டிய நீளத்தை மட்டும் உருவினால், நடுச் சுருள் ஆற வழியில்லாமல் அவிந்துவிடும். இரண்டரை ஸ்கொயர் ஒயரில் இதே தூரம் 0.3 ஓம்தான். நான் பத்து மீட்டரில் இரண்டரை ஸ்கொயர் மூன்று கோர் ரப்பர் ஒயர் வாங்கி, இரண்டு முனையிலும் பெரிய பிளக்கும் பெரிய சாக்கெட்டும் நானே மாட்டி வைத்திருக்கிறேன். கனம்தான், வண்டிப் பெட்டியில் பாதி இடம் அதற்கே போகிறது. எப்போதும் முழுக்க உருவித்தான் போடுவேன்.

சில சார்ஜர்களின் பின்பக்கம் கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரியே மூன்று தகடு உள்ள ஓட்டை இருக்கும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் பவர் கார்டு கிடக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்று தோன்றும், பொருந்தவும் செய்யும். அந்த வகைக் கனெக்டரின் தாங்குதிறன் சர்வதேசத் தரத்தில் 10 ஆம்பியர். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒன்று, ஒன்றரை ஆம்பியர்தான் வேண்டும் என்பதால் அதோடு வரும் ஒயர் பெரும்பாலும் 0.75 ஸ்கொயர், மோசமானவை அதைவிடச் சன்னம். ஒயரின் மேலேயே அளவு அச்சாகியிருக்கும், படித்துவிட்டுச் செருகுங்கள்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வண்டிப் பக்கத்துக் கனெக்டர். லைசென்ஸ் வேண்டாத மெதுவான ஸ்கூட்டர்கள் பலவற்றில், மைக் செட்காரர்கள் கேனான் என்று சொல்கிற மூன்று முள் உருண்டைக் கனெக்டர்தான் சார்ஜிங் பாயின்ட். 48 வோல்ட் வண்டிக்கும் அதுதான், 60 வோல்ட்டுக்கும் அதுதான், 72-க்கும் அதுதான். எதிர் வீட்டு ஸ்கூட்டரின் சார்ஜர் நம் வண்டியில் சுலபமாகப் பொருந்தும். 60 வோல்ட் லித்தியம் பேட்டரியில் பதினாறு செல் வரிசை இருந்தால் அது நிறையும்போது 67.2 வோல்ட். 72 வோல்ட் சார்ஜர், இருபது செல்லுக்கானது, 84 வோல்ட் வரை தள்ளும். காவலுக்கு நடுவில், பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் இருக்கிறதுதான். அது கடைசிக் காவல், அதை நம்பி வாசலைத் திறந்து போடக் கூடாது. இரவல் சார்ஜர் வாங்குகிறவர்கள் அவுட்புட் வோல்டேஜைப் படிக்காமல் செருகாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்குள் போகும் டி.சி. பக்கத்தில் அடாப்டரே வேண்டாம் என்பது என் முடிவு.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடிவு பிறந்திருப்பது நம் பக்கத்தில்தான். ஓசூரில் வண்டி செய்யும் ஏதர் நிறுவனம் உருவாக்கிய ஒரே கனெக்டரை, ஏ.சி., டி.சி. இரண்டும் அதன் வழியாகவே போகும்படியானதை, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஐ.எஸ். 17017 வரிசையில் தரமாக ஏற்றுக்கொண்டது. ஹீரோவின் விடா ஸ்கூட்டரும் அதே கனெக்டரில் வருகிறது. மற்றவர்களும் அதற்கு வந்துவிட்டால் ஒருவர் சார்ஜரில் இன்னொருவர் வண்டியைக் கூச்சமில்லாமல் நிறுத்தலாம். இதற்கு முன்னால் 2017-இல் அரசாங்கம் பாரத் ஏ.சி. 001 என்று ஒரு சார்ஜரை வகுத்தது. ஒரு பெட்டியில் மூன்று வண்டிக்கு மூன்று பாயின்ட், ஒவ்வொன்றும் 15 ஆம்பியர், 3.3 கிலோவாட். அதில் வைத்தது தொழிற்சாலைகளில் இருக்கும் நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதன் சர்வதேசத் தர எண் ஐ.இ.சி. 60309. எனக்கு அந்த நீலச் சாக்கெட் மேல் தனிப் பிரியம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வெளியூர்ப் பயணத்தில் வேறொரு அடாப்டர் ஆசை வரும். திருச்சி போகிற வழியில் ஹோட்டல் வாசல்களில் கார்களுக்கான சார்ஜர் நிற்கும், ஏழு ஓட்டை உள்ள டைப் 2 துப்பாக்கி. அதை நம் மூன்று முள் சாக்கெட்டாக மாற்றித் தரும் அடாப்டர் இணையத்தில் விற்கிறார்கள். நண்பர் ஒருவர் வாங்கியதைத் திறந்து பார்த்தோம். டைப் 2-இல் நான்கு ஓட்டை பேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஒன்று எர்த், மிச்சம் இரண்டு பேச்சு வார்த்தைக்கு. கார் வந்து சேர்ந்ததா, எர்த் சரியா, இவ்வளவு ஆம்பியர்வரை தருவேன் என்றெல்லாம் அந்தச் சின்ன முள் வழியாகச் சார்ஜரும் காரும் பேசிக்கொள்ளும். 12 வோல்ட்டில் இருக்கும் அந்த சிக்னலைக் கார் 6 வோல்ட்டுக்கு இறக்கினால்தான் சார்ஜர் கரண்டைத் திறந்துவிடும். அடாப்டருக்குள் ஒரு டயோடும் இரண்டு ரெசிஸ்டரும் இருக்கின்றன, அவை கார் மாதிரி நடித்து அந்த 6 வோல்ட்டைக் காட்டிவிடுகின்றன.

இதில் தப்பில்லை, வேலையும் செய்யும். ஆனால் அந்தச் சார்ஜர் 32 ஆம்பியர்வரை கொடுக்கக்கூடியது. அதன் பிரேக்கர் அந்த அளவுக்குத்தான் காவல் காக்கும். நம் பைக்கின் ஒயர் 16 ஆம்பியருக்கானது. ஏதாவது கோளாறில் 25 ஆம்பியர் ஓடினாலும் அந்தப் பிரேக்கர் அசையாது. அதனால் அடாப்டருக்குள்ளேயே 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்க வேண்டும். நண்பர் வாங்கியதில் இல்லை. நாங்கள் ஒரு சின்னப் பெட்டியில் எம்.சி.பி. வைத்து அதற்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் சேர்த்தோம். காரில் என்றால் கரண்டு நின்ற பிறகுதான் துப்பாக்கியின் பூட்டே திறக்கும். இதில் பைக் பிளக்கை நேராகப் பிடுங்கினால் ஓடுகிற கரண்டிலேயே பிடுங்குவது, உள்ளே பொறி பறக்கும். செல்போன் ஆப்பில் நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கார் காத்துக்கொண்டிருந்தால் நான் அந்த இடத்தை எடுப்பதில்லை. அவருக்கு வேறு வழி இல்லை, எனக்கு எந்த டீக்கடையிலும் ஒரு பிளக் கிடைக்கும்.

திரும்ப மாமா வீட்டுக்கு வருகிறேன்.

பொங்கலுக்குப் போனபோது வயரிங் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தோம். அந்தப் போர்டைத் திறந்ததும் மூன்று பேரும் பேசாமல் நின்றோம். லைட்டுக்கு வந்த ஒரு ஸ்கொயர் ஒயரிலிருந்தே லூப் எடுத்து சாக்கெட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை, ஸ்குரூ மட்டும் சும்மா நின்றது. முதல் ராத்திரியே என் மச்சினன் வெறுங்காலோடு வண்டியைத் தொட்டுவிட்டு, "மாமா, சுரீர்ங்குது" என்று கையை உதறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எப்போதும் எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லாத வீட்டில் அது வண்டியின் உடம்பிலேயே தங்கிவிடும். அந்தச் சுரீரை விளையாட்டாக எடுத்துக்கொண்டோம்.

"இந்த போர்டுலயே பதினஞ்சு ஆம்ப்ஸ் சாக்கெட் மாட்டிரலாமே, செலவு கம்மி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வயரிங் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. ஒரு ஸ்கொயர் ஒயருக்கு முன்னால் பெரிய சாக்கெட் மாட்டினால் அதுவும் ஒரு கன்வர்ஷன் பிளக்தான். கருகுகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் போய்விடும், அவ்வளவுதான்.

மெயின் போர்டிலிருந்து வாசல்வரை தனிக் குழாயில் இரண்டரை ஸ்கொயரில் மூன்று ஒயர் இழுத்தார். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று. கொல்லைப்புறத்தில் ஈரம் நிற்கிற வாழைமரத்து ஓரமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினோம். மாமாதான் குழி வெட்டினார், என்னை மண்வெட்டியைத் தொடவே விடவில்லை. முன்னால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் கண்டபடி ஆடிக்கொண்டிருந்தது. குழி மூடித் தண்ணீர் ஊற்றிய பிறகு பேஸ்-நியூட்ரல் 212, பேஸ்-எர்த் 210, நியூட்ரல்-எர்த் 2. மாமா அந்த மூன்று எண்ணையும் கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்தார்.

வாசலில் மாட்டியது அந்த நீலச் சாக்கெட். கல்யாணப் பந்தல் லைட்காரர்கள் ஜெனரேட்டரில் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். முள் கட்டை விரல் நீளம், மூடி ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொள்ளும், பிளக்கைச் செருகியதும் மூடியின் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும், ஆட்டினாலும் தளராது. சாரல் அடித்தாலும் தாங்கும். நீலம் என்றால் 230 வோல்ட், சிவப்பு மூன்று பேஸ். கலரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். என் சார்ஜரின் பெரிய பிளக்குக்குப் பொருந்த நீலப் பிளக்கிலிருந்து 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அரை மீட்டர் ஒயரில் ஒரு அடாப்டர் செய்தேன். ஆமாம், கடைசியில் நானும் ஒரு அடாப்டர்தான் போட்டிருக்கிறேன். சுவரிலிருந்து சார்ஜர்வரை எந்த இடத்திலும் 16 ஆம்பியருக்குக் குறைந்த ஒரு பொருள்கூட இல்லாத அடாப்டர். ஒயர் சுவரிலிருந்து நேராக இறங்காமல் ஒரு வளைவு தொங்கும்படி விட்டிருக்கிறேன், மழைத்தண்ணீர் ஒயர் வழியாக ஓடி சாக்கெட்டுக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும். புது இடத்தில் போட்டால் முதல் ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகர்வதில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் விடுவதில்லை, சாயங்காலம் போட்டுப் படுக்கும் முன் பிடுங்கிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி நத்தம் போயிருந்தோம். ஏழு மணிக்குச் சார்ஜ் போட்டேன். ஏழரைக்கு நான் எழுவதற்கு முன்பே மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். கிணற்றடியில் மோட்டார் பாடியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரியே, புறங்கையை நீலச் சாக்கெட்டின் மேல் வைத்தார், பிறகு அடாப்டரின் மேல், பிறகு ஒயர் முழுக்கத் தடவிக்கொண்டே சார்ஜர்வரை வந்தார்.

"சில்லுன்னு இருக்கு மாப்ள" என்றார்.